தோமி அக்காவுக்கு ஒரு குளியலறை

மிதோரிகாவா அடுக்குமாடிக் கட்டடத்தில் படம் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் குடியிருப்போர் சங்கத்தின் காதில் போட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். எந்தச் சுவர், எந்தக் கிழமை, அடிக்கிறவர் முன்கோபியா நிதானக்காரரா என்று சங்கம் எல்லாவற்றையும் விசாரிக்கும். விசாரித்து முடிவதற்குள் படத்தில் இருக்கிற ஆளுக்கு வயதாகி முகம் மாறிப்போயிருக்கும். இருந்தாலும் அங்கே குடியிருக்கும் யாரும் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. சுவர் அவ்வளவு மெலிது.

அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குவபாரா செய்ஜியும் அவர் மனைவி நவோகோவும் இருந்தார்கள். செய்ஜி ரயில்வேயில் தொலைந்த பொருள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கு ஆயுள் முழுக்கக் காவல் இருந்த மனிதருக்குக் கோபம் எங்கிருந்து வரும்? யார் எதைச் சொன்னாலும் "அப்படியா, சிரமம் கொடுத்துட்டேன்" என்று குனிந்து வணங்குவார். அது தன் நல்ல குணம் என்றே அவர் நினைத்திருந்தார்.

அவருக்கு ஒரே உறவு, அக்கா தோமி. யமகாத்தா மலைப்பக்கம் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவள், அங்கேயே தலை நரைத்தாள். வருகிறவர்களுக்குப் படுக்கை போடுவது, சோறு பரிமாறுவது, அவர்கள் கழற்றிவிட்ட செருப்பை அடுத்த முறை கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைப்பது, இதுதான் அவள் வேலை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும் இந்த வேலையில்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டுக்குக்கூட ஒரு ராத்திரி தங்க வந்ததில்லை. விடுமுறை நாள் என்றால்தான் விடுதியில் கூட்டம் அதிகம்.

போன வருடம் அவளுக்குக் குடலில் கட்டி என்று அறுத்து, வயிற்றில் ஒரு துளை போட்டு, அதில் பை மாட்டி அனுப்பினார்கள். இந்த வசந்தத்தில் கட்டி திரும்பி வந்துவிட்டது. குளிர்காலம் வரை இருப்பார்கள் என்று டாக்டர் செய்ஜியிடம் தனியாகச் சொன்னார். செய்ஜி அன்றைக்கே அக்காவைப் போனில் கூப்பிட்டார்.

"இங்க வந்துடுக்கா. எங்ககூட இரு."

"வரமாட்டேன்டா."

"ஏன்? நவோகோவும் ஆசையாத்தான் சொல்றா."

"அவ தங்கம்டா, அது தெரியாதா எனக்கு. ஆனா என் வயித்துல ஒரு பை தொங்குது. அதக் கழுவணும், மாத்தணும். சில நாள் அரை மணி ஆகும், சில நாள் அழுக வந்துடும். உங்க வீட்டுல இருக்கறது ஒரே டாய்லெட்டு. கதவுக்கு வெளிய அவ நிக்கிறான்னு தெரிஞ்சா எனக்குக் கை ஓடாது." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குன்னு ஒரு மூலை இருந்தா வர்றேன். ஒரு பாய் அகலம் போதும். ஒரே ஒரு தடவை விருந்தாளியா இருந்து பாக்கணும்டா செய்ஜி. வேற யாராவது போட்ட படுக்கையில தூங்கணும்."

செய்ஜி போனை வைத்துவிட்டு வாசல் பக்கம் இருந்த சாமான் அறையின் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே பழைய மின்விசிறி, எண்ணெய் அடுப்பு, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டுகள். சரியாக ஒரு பாய் அகலம்.

அடுத்த ஒரு வாரம் அந்த வீட்டில் திருவிழாதான். சாமான்களை வெளியே தள்ளிவிட்டு, நவோகோ தரையில் நீல டேப் ஒட்டி வரைபடம் போட்டாள். அரிசி மூட்டையை வைத்து அதுதான் கம்மோடு என்றாள். மூலையில் முக்காலி, அதன்மேல் சமையல் பாத்திரம், அது வாஷ்பேசின். செய்ஜி அரிசி மூட்டையில் உட்கார்ந்து முழங்கால் எங்கே இடிக்கிறது என்று பார்த்தார். எழுந்தபோது பாத்திரத்தில் தலை இடித்தது. பேசினை இந்தப் பக்கம் மாற்றினார்கள். கதவு உள்ளே திறந்தால் ஆள் நிற்க இடமில்லை, வெளியே திறந்தால் நடை அடைபடும், ஆகவே பக்கவாட்டில் இழுக்கிற கதவு. கம்மோடுக்குப் பக்கத்திலேயே வெந்நீர் வருகிற கை ஷவர். பையை வைக்க எட்டுகிற தூரத்தில் ஒரு பலகை. ஒவ்வொன்றுக்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"கண்ணாடி எந்த உயரத்துல மாட்டட்டும்க்கா?" என்று நவோகோ கேட்டாள்.

"வயித்து உயரத்துலம்மா. மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப்போறேன்? இருந்த அழகெல்லாம் விடுதிக்காரன் எடுத்துக்கிட்டான்."

குழாய் வேலை செய்கிற ஹிகுச்சி வந்து பார்த்தார். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா தரைக்கடியில போற பைப்பு உங்களது இல்லீங்க, சங்கத்தோடது. அவங்க சரின்னு சொல்லாம நான் ஒரு திருகைக்கூடத் திருப்ப முடியாது. இந்தக் கட்டடத்துல வேலைன்னா எங்க ஆளுங்க வரவே பயப்படுறாங்க."

இப்படித்தான் குவபாரா செய்ஜி சங்கத்தின் முன்னால் போய் நின்றார்.

சங்கத் தலைவர் ஒனோதெரா, முத்திரை மை தயாரிக்கும் கம்பெனியில் துறைத்தலைவராக இருந்தவர். கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் அவர் கம்பெனிக்கு ஓய்வு கொடுக்கவில்லை. கீழ்த்தளத்துக் கூட்ட அறையில், பாய் விரித்த தரையில், எல்லோரும் முழங்காலிட்டு உட்கார்ந்த பிறகு அவர் பேச ஆரம்பித்தார்.

"குவபாரா அவர்களே, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தச் சங்கம் யாருக்கும் தடை சொன்னதே கிடையாது. கட்டடம் எழும்பின நாள்லேருந்து ஒரு கோரிக்கையையும் நாங்க நிராகரிச்சதில்ல. எல்லாமே பரிசீலனையில பத்திரமா இருக்கு."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். செய்ஜியும் தட்டினார்.

முதலில் எழுந்த சந்தேகம், கழிக்கிற இடத்தில் எப்படிக் குளிப்பது என்பது. இரண்டும் ஒரே அறையில் இருப்பது ஓட்டல்காரர்கள் செய்கிற காரியம், குடும்பஸ்தர் செய்யலாமா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். செய்ஜி காது சிவக்க, அக்காவின் வயிற்றைப் பற்றி அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. தம்பி மனைவி கதவுக்கு வெளியே நிற்பாளே என்று அவள் கூசிய விஷயம் கட்டடம் முழுவதும் தெரிந்துபோனது. எல்லோரும் அனுதாபமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். அதற்குப் பிறகு ஒனோதெரா இரண்டாவது சந்தேகத்தை எடுத்தார்.

"விருந்தாளி குளியலறைன்னு சொல்றீங்க. விருந்தாளின்னா யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு கோடைக்கு முன்னால் வருகிற மழைக்காலம் முழுக்க யோசித்து, ஒரு முடிவோடு வந்தது. வருகிறவர் எல்லாம் விருந்தாளி அல்ல, போகிறவர்தான் விருந்தாளி. ஒரு மாதத்துக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் தங்கினால் அவர் குடியிருப்பவர், அவருக்கு வேறு விதி.

"அதனால உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி," என்றார் ஒனோதெரா. "உங்க அக்கா வந்தா, திரும்பிப் போவாங்களா?"

"போயிடுவாங்க," என்றார் செய்ஜி.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அறையில் எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து வெகு நேரம் சாமான் அறையில், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது ஓசைச் சோதனை. கீழ்வீட்டு மிசோகுச்சி அம்மாவின் வரவேற்பறையில் செயற்குழு முழுவதும் கண்ணை மூடி உட்கார, மேலே நவோகோ வாளியில் இருந்து தண்ணீர் ஊற்றினாள். ஊற்றினாள், மறுபடி ஊற்றினாள். எதுவும் கேட்கவில்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மிசோகுச்சி அம்மா மட்டும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் கேக்கல. ஆனா கேக்கப்போவுது, கேக்கப்போவுதுன்னு மனசு அடிச்சுக்குது பாருங்க, அது சத்தம் இல்லையா?"

சங்கம் இதைப் புறந்தள்ளவில்லை. 'எதிர்பார்ப்பு ஓசை' என்று அதற்குப் பெயர் வைத்து, அதன் அளவைத் தெரிந்துகொள்ள மிசோகுச்சி அம்மாவைக் கோடைக்காலம் முழுக்கக் கவனித்து வந்தது. செய்ஜி பயறு இனிப்புப் பெட்டியோடு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இன்னும் போடாத குழாயின் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்ட முதல் மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

அக்கா போனில் எல்லாவற்றையும் விடாமல் கேட்டாள். "அப்புறம்? அந்தம்மா என்ன சொல்லிச்சு?" என்று ஆவலாகக் கேட்பாள். குரல் மட்டும் முன்னைவிடச் சன்னமாகிக்கொண்டே வந்தது.

"அவசரப்படாதடா," என்பாள். "நான் எங்க போயிடப்போறேன்."

இலையுதிர் காலம் தொடங்கியபோது, விருந்தாளியை நேரில் பார்க்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. அக்காவால் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றார் செய்ஜி. அதனால் என்ன, நாங்கள் கல்நெஞ்சக்காரர்களா என்று சொல்லி, அவளுக்குப் பதிலாகத் துணைத்தலைவர் இனுகாயைப் பிரதிநிதி விருந்தாளியாக நியமித்தார் ஒனோதெரா. இனுகாய் இதே கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் இருப்பவர். வார இறுதியில் குவபாரா வீட்டில் தங்கி, அந்த வீட்டுக்கு விருந்தாளிக் குளியலறை உண்மையிலேயே தேவையா என்று அனுபவித்துச் சொல்வது அவர் பொறுப்பு.

அக்காவுக்கென்று வாங்கி, நவோகோ ஒவ்வொரு வெயிலிலும் பால்கனியில் காயவைத்துத் தட்டி எடுத்து வைத்த படுக்கை ஒன்று இருந்தது. வேறு நல்ல படுக்கை வீட்டில் இல்லை. அதைத்தான் இனுகாய்க்குப் போட வேண்டியிருந்தது. போடும்போது நவோகோ தலையணை உறையை மட்டும் கழற்றி, பழைய உறை ஒன்றை மாட்டினாள்.

இனுகாய் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். விதிப்படி வீட்டாரின் கழிப்பறையை அவர் பயன்படுத்தக் கூடாது. அதனால் தேவை வந்தபோதெல்லாம் லிஃப்டில் ஏறித் தன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, மனசாட்சிக்கு விரோதமாகத் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று பீடிகை போட்டார்.

"விருந்தாளியோட கஷ்டம் எனக்கு இப்பத்தான் புரியுது. ஆனா அஞ்சாவது மாடியில ஒரு டாய்லெட் இருக்கிற வரைக்கும் அந்தக் கஷ்டம் தாங்கக் கூடியதுதான். அப்புறம், மிசோ சூப்புல கொஞ்சம் உப்பு ஜாஸ்தி."

"என்னங்க," என்றாள் நவோகோ வீட்டுக்கு வந்ததும். "ஒரு தடவையாவது கத்துங்களேன். ஒரே ஒரு தடவை."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. இப்பப் போய் அவங்ககிட்ட மூஞ்சிய முறிச்சுக்கிட்டா அக்கா விஷயம் கெட்டுடும்."

"அக்கா விஷயம் இப்ப நல்லாவா இருக்கு?"

செய்ஜி அடுத்த கூட்டத்து நாளைக் காலண்டரில் வட்டமிட்டார்.

கடைசியாகச் சங்கத்தில் ஒரு மாதிரி அமைப்பைக் கேட்டார்கள். வரைபடம் எல்லோருக்கும் புரியாதாம். செய்ஜியும் நவோகோவும் சேர்ந்து அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, குளியலறையை அதே அளவில் கூட்ட அறையில் நிறுத்தினார்கள். அட்டைச் சுவர், அட்டைப் பலகை, வயிற்று உயரத்தில் வெள்ளித்தாள் கண்ணாடி. கம்மோடுக்கு அரிசி அப்பளத் தகரடப்பா. பார்க்க அசலாக இருக்கட்டும் என்று நவோகோ அன்றைக்குக் காலையில் ஒரு ஜோடி கழிப்பறைச் செருப்பும் வாங்கிவந்து வாசலில் வைத்தாள். பீச் நிறம், மேலே தங்க நூலில் 'கழிப்பறை' என்று தைத்திருந்தது.

உறுப்பினர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தகரடப்பாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்கள். வெளியே வரும்போது செருப்பைக் கழற்றி, அடுத்தவருக்குத் திருப்பி வைத்துவிட்டு, காலுறையோடு பாயில் ஏறினார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிப்பறைச் செருப்பு கழிப்பறையின் வாசலைத் தாண்டக் கூடாது என்பது, நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே காலுக்குத் தெரிந்துவிடுகிற விஷயம்.

கடைசியாகத் தலைவர் ஒனோதெரா உள்ளே போனார். உட்கார்ந்தார். யோசித்தார். வெளியே வந்தார். அப்படியே நடந்து, பாய்மேல் ஏறி, அறையின் நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். காலில் கழிப்பறைச் செருப்பு.

சாதாரண அறையிலேயே அது நடக்கக் கூடாத காரியம். பாய்மேல், எந்தச் செருப்பும் ஏறாத பாய்மேல், 'கழிப்பறை' என்று தங்க நூலில் எழுதின செருப்பு! அது கடையில் இருந்து காலையில்தான் வந்தது, உள்ளே இருப்பது வெறும் தகரடப்பா என்றெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. மிசோகுச்சி அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இனுகாய் கூரையைப் பார்த்தார். பிறகு எல்லோருமே கூரையைப் பார்த்தார்கள்.

"சுத்தம்கிறது என்ன?" என்று கேட்டார் ஒனோதெரா, முன்னும் பின்னும் நடந்தபடி. "சுத்தம்கிறது, எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கிறது. அந்த உணர்வு நம்ம கட்டடத்துல குறைஞ்சுகிட்டே வருது. ஒருத்தர் தப்புப் பண்ணா இன்னொருத்தர் தைரியமா எடுத்துச் சொல்லணும். ஆனா இங்க அந்தத் தைரியத்துக்கு அவசியமே வந்ததில்ல. ஏன்னா இங்க யாரும் தப்புப் பண்றதில்ல."

எல்லோரும் கூரையைப் பார்த்தபடியே கை தட்டினார்கள். செய்ஜிக்கு வேர்த்தது. சொன்னால் தலைவர் அவமானப்படுவார், அனுமதி போய்விடும். சொல்லாவிட்டால் அவராகக் கண்டுபிடிக்கும் நேரம் எப்படியும் வரும். சொல்லவில்லை. தலைவர் அந்தப் பாயின் ஒரு மூலையைக்கூட விட்டுவைக்காமல் நடந்து பேசி முடித்து, வாசலில் தன் ஷூவைப் போடக் குனிந்தபோது அந்த நேரம் வந்தது.

அன்று சாயங்காலம் செய்ஜி இதை அக்காவுக்குச் சொன்னார். சொல்லி முடிக்கவிடாமல் அவள் சிரித்தாள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

"ஐயோ நிறுத்துடா... தையல் பிரிஞ்சிடும்... தங்க நூலா? தங்க நூலுல எழுதியிருந்துச்சா?"

"ஆமாக்கா. பளபளன்னு."

"எங்க விடுதியிலயும் ஒருத்தர் அப்படித்தான் விருந்துக்கே வந்துட்டாருடா. எல்லாரும் பாக்கறாங்க, யாரும் வாயத் திறக்கல. சாக்கே மது ஊத்தற சாக்குல நான் கீழ குனிஞ்சு, கால்லேருந்து நைசா உருவிட்டேன். அவருக்குத் தெரியவே தெரியாது." மறுபடி சிரித்தாள். "உங்க தலைவர ஒரு தடவை பாக்கணும்டா. கட்டாயம் பாக்கணும்."

அவள் சிரித்து செய்ஜி கேட்டது அதுதான் கடைசி.

மறுநாள் சங்கம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. நடந்த சம்பவத்துக்காகத் தலைவர் வெளியே தலைகாட்டாமல் சுயகட்டுப்பாட்டில் இருக்கப்போகிறார், அது முடியும்வரை சங்கத்தின் பணிகள் யாவும் நிற்கும். செருப்பை யார், எந்த நோக்கத்தோடு அங்கே வைத்தார்கள் என்று ஒரு குழு ஆராயும். செய்ஜி பெரிய இனிப்புப் பெட்டியாக வாங்கிக்கொண்டு ஒனோதெரா வீட்டுக்குப் போய், தன் செருப்பு செய்த பிழைக்காக நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"தப்பு என்னோடது இல்லைன்னு நான் சொல்லல," என்றார் ஒனோதெரா பெருந்தன்மையாக. "தப்பு என்னோடதுதான்னு அன்னிக்கு யாருமே சொல்லல. அந்தப் பண்பாட்ட நான் மதிக்கிறேன்."

சுயகட்டுப்பாடு முடிய முதல் பனி விழ வேண்டியிருந்தது. முடிகிற அன்று சிறப்புக் கூட்டம். செருப்பின் உரிமையாளர் நேரில் இருந்தாக வேண்டும். இரண்டு நாளாக அக்காவுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் ரயில் ஏறிவிடலாம் என்று செய்ஜி பெட்டியைக்கூடக் கூட்ட அறை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்.

ஒனோதெரா பேசிக்கொண்டிருந்தபோது செய்ஜியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கூட்டத்தில் போனை எடுக்கக் கூடாது. அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது. செய்ஜி அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்தி என்று அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது.

"நீண்ட, ஆழமான பரிசீலனைக்கு அப்புறம்," என்றார் ஒனோதெரா, "குவபாரா அவர்களோட விருந்தாளிக் குளியலறைக்கு இந்தச் சபை ஒருமனதா ஒப்புதல் கொடுக்குது. யாருக்கும் தடை சொன்னதில்லங்கிற நம்ம பெருமை இன்னிக்கும் காப்பாத்தப்பட்டிருக்கு."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. மிசோகுச்சி அம்மா அழுதேவிட்டார். செய்ஜி எழுந்து நான்கு பக்கமும் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, வெளியே வந்து, போனை எடுத்துப் பார்த்தார். படிக்கட்டில் உட்கார்ந்தார். ஒரே ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு நேற்றே போயிருக்கலாம். போயிருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. அவரை உட்கார வைத்தது அவருடைய பணிவுதான். அதை நினைத்தபோது தன் கையாலேயே தன்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

அக்காவை எரித்து, எலும்பும் சாம்பலும் வைத்த கலசத்தை வெள்ளைத் துணியில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் வரை கலசம் சொந்தக்காரர் வீட்டில் இருக்க வேண்டும், பிறகுதான் கல்லறை. தரை முழுக்கப் பாய் விரித்த அறையில் ஒரு சிறு பலகை போட்டு, அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நவோகோ அந்தப் புதுப் படுக்கையைத் துவைத்துக் காயவைத்து, பலகைக்குப் பக்கத்தில் விரித்தாள். புது உறையை எடுத்துத் தலையணைக்கு மாட்டினாள்.

"இனி அந்தக் குளியலறை வேலை எதுக்கு," என்றார் செய்ஜி.

"கட்டிடுவோங்க. சொன்னோம்ல அக்காகிட்ட," என்றாள் நவோகோ. "வந்துட்டாங்கல்ல."

ஹிகுச்சி இரண்டு வாரத்தில் முடித்துக்கொடுத்தார். சின்னதாக, அழகாக இருந்தது. இழுக்கிற கதவு சத்தமே இல்லாமல் ஓடியது. வெந்நீர் உடனே வந்தது. வயிற்று உயரத்தில் இருந்த கண்ணாடியில் செய்ஜியின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. வாசலில் நவோகோ அதே பீச் நிறச் செருப்பை வைத்தாள். விசாரணைக் குழு அதைக் குற்றமற்றது என்று திருப்பிக் கொடுத்திருந்தது.

வேலை முடிந்த பிறகு தலைவர் வந்து பார்ப்பது முறை. ஒனோதெரா கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார். துக்கத்துக்கும் சோதனைக்கும் சேர்த்து ஒரே டை. கதவை இழுத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். பிறகு, முழுமையாகச் சோதிக்காமல் போவது கடமை தவறுவதாகும் என்று சொல்லி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் குளியலறையை முதன்முதலில் பயன்படுத்தியவர் அவர்தான்.

நவோகோ சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கதவு நகர்ந்தது. ஒனோதெரா கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி நடை வழியாக வந்து, பாய் அறைக்குள் ஏறி, கலசத்துக்கு முன்னால் நின்று ஆழமாகக் குனிந்தார். செய்ஜி கீழே பார்த்தார். பாய்மேல், தங்க நூலில் 'கழிப்பறை'.

"ஆத்மா சாந்தியடையட்டும்," என்றார் ஒனோதெரா. நிமிர்ந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல சொல்றதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. நாற்பத்தொன்பது நாள் இவங்க இங்க இருக்கப்போறாங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு மாசத்துக்கு மேல தங்கினா விதிப்படி விருந்தாளி இல்ல, குடியிருப்பவர். அப்படிப் பாத்தா இத விருந்தாளிக் குளியலறைன்னு சொல்ல முடியுமாங்கிற கேள்வி வருது. தடை சொல்லல. பரிசீலிக்கணும், அவ்வளவுதான்."

செய்ஜிக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அவர் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும்! அதுவும் அக்காவுக்கு நேர் எதிரில்! அடிவயிற்றில் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. இதை உடனே அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போனை எடுத்து, பெயரைத் தேடி, விரலை வைக்கப்போன பிறகுதான் நினைவு வந்தது.

அப்போதுதான் அவர் அழுதார். எரித்த இடத்தில் அழவில்லை, ரயிலில் அழவில்லை. இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தத்தோடு அழுதார். சமையலறையில் இருந்து நவோகோ ஓடிவந்தாள். வந்தவள் தலைவரின் காலைப் பார்த்தாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன? என்ன ஆச்சு?" என்றார் ஒனோதெரா.

"மன்னிச்சுக்குங்க தலைவர் ஐயா," என்றார் செய்ஜி. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குனியாமல் நேராக நின்றுகொண்டு சொன்னார். "அக்கா உங்களைப் பாக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க. உங்க கால்ல இருக்கற செருப்போட."

ஒனோதெரா கீழே பார்த்தார். முகம் நிறம் மாறியது. சபை நாகரிகம் தெரிந்த மனிதர் என்பதால் அவர் முதலில் கூரையைப் பார்த்தார். அங்கே அவருக்குத் துணையாகப் பார்க்க யாரும் இல்லை. செருப்பை அங்கேயே பாயில் உதறிவிட்டு, காலுறையோடு வாசலுக்குப் போய், ஷூவைச் சரியாக மாட்டிக்கொள்ளாமலே வெளியே போனார். லிஃப்டின் கதவு மூடுவது மெல்லிய சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

நவோகோ ஈரத்துணி எடுத்துவந்து பாயைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே கலசத்தைப் பார்த்து, "தையல் பிரிஞ்சிடும்க்கா, மெதுவா," என்றாள்.

செய்ஜி செருப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். குளியலறை வாசலில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவற்றைத் துடைத்து, அடுத்து உள்ளே போகிறவர் கால் நுழைக்க வாகாகத் திருப்பி, ஜோடி சேர்த்து வைத்தார்.